15,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வேறிடத்தில் வாங்கிவிட்டார், ஏன்?

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஈரோட்டில் மண் அள்ளும் இயந்திரங்கள் விற்கும் ஒரு டீலரிடம் எட்டு மாதமாக சேல்ஸில் இருக்கிறேன். இதுவரை மூன்று பேக்ஹோதான் (ஊரில் 'ஜேசிபி' என்பார்களே, அது) விற்றிருக்கிறேன். போன மாதம் பவானிப் பக்கம் ஒரு ஓனர், இரண்டு பேக்ஹோ வைத்து வாடகைக்கு ஓட்டுபவர், முதன்முதலாக 20 டன் எக்ஸ்கவேட்டர், அதாவது செயினில் ஓடும் பெரிய தோண்டும் வண்டி, வாங்க விசாரித்தார். மூன்று விஷயம் கேட்டார். வெளியில் வாங்கும் பிரேக்கரை (பாறை உடைக்கும் கருவி) மாட்டினால் வாரண்டி செல்லுமா? டீசல் எவ்வளவு குடிக்கும்? வண்டி நின்றால் யார் வருவார்கள்? "கேட்டுச் சொல்றேங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்து போன் செய்து, மேனேஜரிடம் பேசி 20,000 ரூபாய் குறைத்திருப்பதாகச் சொன்னேன். அதற்குள் வேறு கம்பெனியில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். அதுவும் எங்கள் விலையைவிட 15,000 ரூபாய் அதிகத்துக்கு. வாடிக்கையாளர் எங்களைப் போன்றவர்களிடம் உண்மையில் எதைத்தான் எதிர்பார்க்கிறார்?

பதில்: தம்பி, நீங்கள் தேடும் பதில் உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர் கேட்டது மூன்று கேள்வி. நான்கு நாள் கழித்து நீங்கள் சொன்னது அவர் கேட்காத நான்காவது கேள்விக்கான பதில். "கேட்டுச் சொல்றேன்" என்பதில் தப்பே இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி அளப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் பதில் போயிருக்க வேண்டும். முழுப் பதில் கிடைக்காவிட்டாலும் "சர்வீஸ் மேனேஜர் நாளைக்குப் பத்து மணிக்கு உங்களோடு பேசுவார்" என்றாவது போயிருக்க வேண்டும். வண்டி வாங்கிய பிறகு நின்றுபோனால் இந்தப் பையன் எத்தனை நாள் கழித்துத் திரும்பக் கூப்பிடுவான் என்பதை அந்த நான்கு நாளை வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டிருப்பார்.

விலை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். விலைக்குத்தான் வியாபாரம் கைநழுவுகிறது என்று நம்பும்வரை உங்களுக்கு வேறெதுவும் கண்ணில் படாது. அவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பேக்ஹோவையே எடுத்துக்கொள்வோம். வாடகை உங்கள் பகுதியில் எவ்வளவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குக்காக மணிக்கு 1,300 ரூபாய் என்று வைக்கிறேன். டீசல் மணிக்கு 5 லிட்டர், லிட்டர் 92 ரூபாய் என்றால் 460. ஆயில், ஃபில்டர், கிரீஸ், பல், பின், புஷ் எல்லாம் சேர்த்து 100. மீதி 740. இதிலிருந்து ஆபரேட்டர் சம்பளமும் பேட்டாவும் மாதம் 30,000 போக வேண்டும். லோன் 27 லட்சம், 48 மாதம் என்றால் டியூ கிட்டத்தட்ட 69,750. ஆக மாதம் 99,750 ரூபாயை இந்த 740-ஐ வைத்து எட்ட வேண்டும். 135 மணி நேரம் ஓடினால் சரிக்குச் சரி. டயர், இன்சூரன்ஸ் இதில் சேரவில்லை.

இதே கணக்கில் டீசல் மணிக்கு ஒரே ஒரு லிட்டர் கூடினால் 740 என்பது 648 ஆகிவிடும். 135 மணி நேரம் 154 ஆகும். அதாவது மாதம் 19 மணி நேரம், டீசல் கடைக்காரருக்காகவே ஓட வேண்டும். இப்போது நீங்கள் சொன்ன 20,000-ஐ இரட்டிப்பாக்கி, 40,000 ரூபாய் டிஸ்கவுன்ட்டாகவே இதன் பக்கத்தில் வையுங்கள். 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 833 ரூபாய். ஒரு மணி நேர ஓட்டத்துக்குச் சற்று மேல். தினம் எட்டு மணி நேரம் ஓட வேண்டிய வண்டி ஏழு நாள் நின்றால் அந்த 40,000 முழுதாகக் கரைந்துவிடும். சைட்டைப் பக்கத்து வண்டிக்காரர் பிடித்துக்கொள்வது தனி. வாடகைக்கு ஓட்டும் எந்த ஓனரும் இதைப் பேப்பரில் போட்டிருக்க மாட்டார். ஆனால் மனசுக்குள் போட்டுவிடுவார். 15,000 அதிகம் கொடுத்தவர் ஏமாளி இல்லை.

இந்தக் கணக்கை அவர் முன்னால் உட்கார்ந்து, அவர் சொல்லும் எண்களை வைத்து, அவர் வீட்டு நோட்டிலேயே போட்டுக் காட்டுங்கள். மழை மாதங்களையும் மறைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் 60 மணி நேரம்தான் ஓடும் என்றால் 44,400 வரும், ஆபரேட்டருக்குப் போக 14,400 மிஞ்சும், டியூவுக்கு 55,350 கைக்காசு போட வேண்டும். அந்த மாதங்களில் டியூவைக் குறைத்து, தை முதல் சித்திரை வரை கூட்டிக் கட்டும்படி ஃபைனான்ஸ் கம்பெனியிடம் பேசிப் பார்ப்பது உங்கள் வேலை. கேட்டால்தான் கொடுப்பார்கள். "வெறும் 6 சதவீதம்" என்று ஃபைனான்ஸ் பையன் சொல்லும்போது பக்கத்தில் சும்மா நிற்காதீர்கள். அது ஃபிளாட் வட்டி, கடைசி மாதம்வரை முழு அசலுக்கும் போடுவது. மேலே சொன்ன 27 லட்சம், 48 மாதக் கணக்கில், குறைந்துவரும் அசலுக்கு அது ஏறக்குறைய 11 சதவீதம். ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். 32 லட்ச ரூபாய் பில் என்றால் அதற்குள் 18 சதவீத வரி மட்டும் 4.88 லட்சம். ஜி.எஸ்.டி. நம்பர் வைத்து கான்ட்ராக்டருக்கு பில் போடுபவர் அதை வரவாக எடுத்துக்கொள்ளலாம், நம்பர் இல்லாதவருக்கு அது முழுச் செலவு. ஆடிட்டரிடம் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். இரண்டு நாள் தள்ளிப்போகும், பரவாயில்லை.

இனி அவர் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன்.

டீசல் எவ்வளவு என்றால் கேட்லாக்கைக் காட்டாதீர்கள். 20 டன் வண்டி பக்கெட் வேலையில் மணிக்கு 10 லிட்டரும் குடிக்கும், 15 லிட்டரும் குடிக்கும். மண், வண்டியை ஓட்டும் மோடு (எகானமியா, பவரா), ஆபரேட்டர் கை, மூன்றையும் பொறுத்தது. டெமோவில் எகானமி மோடில் போட்டு, இளகிய கிராவல் மண்ணில் இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டி "பாருங்கண்ணா, ஒன்பதரைதான்" என்று சொல்வது பழைய வித்தை. பத்து வருடம் வண்டி வைத்திருப்பவருக்கு அது தெரியும். சரியாகச் செய்ய வேண்டுமென்றால் அவர் சைட்டில், அவர் ஆபரேட்டர் கையில் கொடுங்கள். சமதரையில் நிறுத்தி டேங்கை விளிம்புவரை நிரப்புங்கள். நுரை அடங்கியதும் இன்னொரு முறை ஊற்றுங்கள். ஹவர் மீட்டரைப் போட்டோ எடுங்கள். குறைந்தது எட்டு மணி நேரம் ஓடட்டும். அதே இடத்தில், அதே திசையில் நிறுத்தி மறுபடி விளிம்புவரை நிரப்புங்கள். ஊற்றிய லிட்டரை மீட்டர் வித்தியாசத்தால் வகுங்கள். இரண்டு மணி நேர டெமோவில் டேங்க் நிரப்புவதில் மூன்று லிட்டர் பிசகினால் மணிக்கு ஒன்றரை லிட்டர் தப்பாகிவிடும். எட்டு மணி நேரத்தில் அதே பிசகு அரை லிட்டருக்கும் கீழே அடங்கிவிடும்.

அதோடு நிறுத்தாமல் எத்தனை லோடு ஏற்றியது என்றும் எண்ணுங்கள். மணிக்கு 14 லிட்டர் குடிக்கும் வண்டி மணிக்குப் பத்து டிப்பர் ஏற்றினால், 12 லிட்டரில் எட்டு டிப்பர் ஏற்றும் வண்டியைவிட அதுதான் சிக்கனம். முதலாவதில் டிப்பருக்கு 1.4 லிட்டர், இரண்டாவதில் 1.5. நான்கு யூனிட் டிப்பர் என்றால் 400 கன அடி, அதாவது 11.3 கன மீட்டர். 0.9 கன மீட்டர் பக்கெட்டில் 12, 13 முறை கொட்ட வேண்டும். ஒரு சுற்று 20 விநாடி என்றால் நான்கேகால் நிமிடத்தில் லோடு. டிப்பர் வந்து நிற்கும் நேரம் வேறு. ஓனருக்குப் பழகிய பாஷை யூனிட்டும் லோடும்தான். கன மீட்டரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கர் கேள்விதான் மூன்றிலும் கனமானது. நீங்கள் நழுவ விட்டதும் அதைத்தான். அவர் கல் உடைக்கும் வேலையைக் குறிவைத்து வாங்குகிறார் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிகிறது. உடனே நீங்கள் திருப்பிக் கேட்டிருக்க வேண்டியது: என்ன கல், மாதம் எத்தனை மணி நேரம் உடைப்பு, எத்தனை மணி நேரம் அள்ளல், பிரேக்கரின் உளி எத்தனை மில்லிமீட்டர் விட்டம்? 20 டன் வண்டிக்கு 135 அல்லது 140 மில்லி உளி உள்ள பிரேக்கர்தான் பொதுவாகப் பொருந்தும். விலை மலிவாகக் கிடைக்கிறதென்று 155 மில்லி மாட்டினால் பூமும் ஆர்மும் (வண்டியின் மேல் கையும் முன் கையும்) தாங்காது. வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். சின்னதாக மாட்டினால் கல் உடையாது, ஆபரேட்டர் கோபத்தில் வண்டியைத் தூக்கி உளிமேல் நிறுத்தி நெம்புவார், உளி ஒடியும்.

அடுத்தது பைப் லைன். பிரேக்கரிலிருந்து திரும்பும் ஆயில் கன்ட்ரோல் வால்வு வழியாகப் போகாமல் ஃபில்டர் தாண்டி நேராக டேங்குக்குப் போக வேண்டும். வெளிப் பட்டறையில் கைக்குக் கிடைத்த ஹோஸைப் போட்டு, திரும்பும் லைனைக் குறுகலாக அமைத்தால் பின்னழுத்தம் ஏறும். பிரேக்கர் சோம்பும், ஆயில் கொதிக்கும், சீல் பிதுங்கும். ஓனர் பிரேக்கர்காரரைத் திட்டுவார், பிரேக்கர்காரர் உங்கள் பம்பைத் திட்டுவார். வாரண்டி தகராறுகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் முளைக்கிறது. ஆகவே கம்பெனியின் பைப் லைன் கிட் போட்டால் என்ன விலை, வெளியில் போட்டால் எந்தெந்த பாகத்துக்கு வாரண்டி போகும் என்பதை சர்வீஸ் மேனேஜரிடம் எழுத்தில் வாங்கி கோட்டேஷனோடு சேர்த்துக் கொடுங்கள். உடைப்பு அதிகமாக இருந்தால் ஹைட்ராலிக் ஆயிலும் ஃபில்டரும் புத்தகத்தில் போட்டிருக்கும் மணி நேரத்துக்கு வெகு முன்பே மாற்ற வேண்டிவரும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். உளி வழியாக ஏறும் தூசியும், ஓயாத அதிர்வில் தேயும் சீல் துகளும் ஆயிலில் சேர்வதுதான் காரணம். கல்லில் படாமல் வெறும் காற்றில் அடிக்கக் கூடாது, ஒரே இடத்தில் அரை நிமிடத்துக்கு மேல் குத்தக் கூடாது என்பதை ஆபரேட்டருக்குச் சொல்லுங்கள். இதெல்லாம் விற்பனையைக் கெடுக்கும் பேச்சு என்று உங்கள் மேனேஜர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். இதே விஷயத்தை ஆறாவது மாதம் ஓனர் தானாகக் கண்டுபிடித்தால் ஈரோடு மாவட்டம் முழுக்கச் சொல்லுவார்.

அவர் கேட்காமலே நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதும் சில உண்டு. இதுவரை டயர் வண்டி வைத்திருந்தவர் செயின் வண்டிக்கு வருகிறார். பேக்ஹோ ரோட்டில் தானே ஓடிப் போகும். எக்ஸ்கவேட்டரை (அதை ஊரில் எல்லோரும் 'ஹிட்டாச்சி' என்றுதான் சொல்வார்கள், வேறு கம்பெனி வண்டியாக இருந்தாலும்) சைட் மாற்ற ஒவ்வொரு முறையும் லோபெட் (வண்டியை ஏற்றிப் போகும் தாழ்வான டிரெய்லர்) வேண்டும். அரை நாள் வேலைக்காகப் பத்துக் கிலோமீட்டர் போய் வந்தால் கட்டுபடியாகாது. பேக்ஹோவுக்கு நம்பர் பிளேட், ஆர்.சி. உண்டு. செயின் வண்டி மோட்டார் வாகன விதிகளில் வராததால் ஆர்.சி. வராது, இன்வாய்ஸ்தான் சொத்துப் பத்திரம், பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். கிணறு வேலைக்கும் சேர்த்து வாங்குகிறேன் என்றால் 20 டன் வண்டியின் தோண்டும் ஆழம் சுமார் 21, 22 அடிதான் என்று சொல்லிவிடுங்கள். கொங்கு நாட்டுக் கிணற்றுக்கு அது எந்த மூலைக்கு? செயின், ரோலர், ஐட்லர், ஸ்ப்ராக்கெட் நான்கும் பாறையில் சீக்கிரம் தேயும். சைட்டுக்குள் நீண்ட தூரம் ஓட்டினால் இன்னும் சீக்கிரம். இவை சேர்ந்த அடிப்பாகமான அண்டர்கேரேஜை முழுசாக மாற்றும் செலவு என்ன என்று இன்றைய விலைப்பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள். வாரண்டி ஒரு வருடம் அல்லது 2,000 மணி நேரம் என்றிருந்தால் 'எது முன்னால் வருகிறதோ அதுவரை' என்ற வரியையும் வாய்விட்டு வாசியுங்கள். தினம் 10 மணி நேரம், மாதம் 25 நாள் ஓட்டுபவருக்கு அது எட்டாவது மாதமே முடிகிறது.

மூன்றாவது கேள்வி, வண்டி நின்றால் யார் வருவார்கள் என்பது. "எங்க சர்வீஸ் சூப்பர்ண்ணா" என்றால் யாரும் மதிக்க மாட்டார்கள். அவர் ஊருக்குப் பக்கத்தில் குடியிருக்கும் சர்வீஸ் இன்ஜினியர் பெயர், போன் நம்பர், அவர் கையில் எத்தனை வண்டி இருக்கிறது, ஃபில்டர், ஹோஸ், சீல் கிட், பக்கெட் பல் எல்லாம் எந்த ஊர் ஸ்டாக்கில் இருக்கிறது, பம்ப் மாதிரிப் பெரிய சாமான் வர எத்தனை நாள், இதுதான் பதில். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் திறக்காது என்றால் அதையும் சொல்லுங்கள். சனிக்கிழமையே ஹோஸ் வாங்கி வைத்துக்கொள்வார்.

வண்டி நின்றதும் போன் முதலில் உங்களுக்குத்தான் வரும், சர்வீஸுக்கு வராது. "அது சர்வீஸ் டிபார்ட்மென்ட்ங்க" என்று சொன்ன அன்றோடு அவர் உங்களுக்கு வாடிக்கையாளர் இல்லை. எடுத்ததும் இவற்றைக் கேளுங்கள்: ஹவர் மீட்டர் எவ்வளவு, திரையில் என்ன கோட் (போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்), ஆயில் மட்டம் கண்ணாடியில் தெரிகிறதா, காலையில் குளிர்ந்திருக்கும்போதும் இப்படியா இல்லை சூடானபின்தானா, எல்லா அசைவும் மந்தமா ஒன்று மட்டுமா. எல்லாமே சூட்டில் மந்தம் என்றால் கோளாறு பம்ப், மெயின் ரிலீஃப் வால்வு, ஆயில் பக்கம். பக்கெட் மட்டும் என்றால் அந்த சிலிண்டர் சீல் அல்லது அந்த வால்வு. ஒரு பக்கச் செயின் மட்டும் இழுக்கவில்லை என்றால் டிராவல் மோட்டார் அல்லது நடு ஸ்விவல் ஜாயின்ட். நீங்கள் ரிப்பேர் செய்யப் போவதில்லை. ஆனால் இந்த ஐந்து பதிலோடு சர்வீஸுக்குச் சொன்னால் இன்ஜினியர் சரியான சாமானோடு ஒரே தடவையில் வருவார். இல்லாவிட்டால் முதல் நாள் பார்த்துவிட்டுப் போவார், மறுநாள் சாமான் எடுத்து வருவார். அந்த ஒரு நாள் எட்டு மணி நேரம். அப்புறம் ஓனரைத் திரும்பக் கூப்பிட்டு, யார் வருகிறார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று சொல்லுங்கள். மதியம் மூன்று மணிக்குத்தான் வர முடியும் என்றால் மூன்று மணி என்றே சொல்லுங்கள். அவர் டிப்பர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு வேலை பார்ப்பார். "ஒரு மணி நேரத்துல வந்துருவார்" என்று இழுத்தடித்தால் நாலு டிப்பர் டிரைவர்கள் வாடகை கேட்டுக்கொண்டு அவர் எதிரில் நிற்பார்கள்.

ஆபரேட்டரை மறந்துவிடாதீர்கள். ஓனர் கையெழுத்துப் போடுகிறார், ஆனால் எந்த வண்டி என்று அவர் காதில் போடுவது ஆபரேட்டர். அதற்காகக் கமிஷன் கவர் நீட்டாதீர்கள். ஓனருக்குத் தெரியாமல் போகாது, தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். டெலிவரி அன்று அரை நாள் அவரோடு இருங்கள். கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுக் காட்டுங்கள். காலையில் வாட்டர் செப்பரேட்டரில் டீசலிலிருந்து பிரிந்து நிற்கும் தண்ணீரை வடிக்கச் சொல்லிக் கொடுங்கள். சைட்டில் பேரலில் டீசல் வைத்து ஊற்றுகிறார்களா என்று கேளுங்கள். இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் காமன் ரெயில் இன்ஜெக்டருக்குப் பேரல் அடித் தண்ணீரைப் போல எமன் இல்லை, அதற்கு வாரண்டியும் வராது. பேரலை அசைக்காமல் வைத்து, அடியிலிருந்து அரை அடி விட்டு, வலை வைத்து எடுக்கட்டும். டயர் வண்டிகளுக்கு 2025 ஜனவரியில் வந்த ஐந்தாம் நிலை மாசு விதிப்படி செய்த வண்டிகளில் டி.பி.எஃப். (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு எரிந்தால் ரீஜெனரேஷனை, அதாவது சேர்ந்த கரியை எரிப்பதை, நிறுத்திவிட்டு ஓட்டாமல் அது முடியும்வரை விட வேண்டும். சும்மா ஐடிலில் நிறுத்தி ஏ.சி.யில் தூங்கினால் கரி சேரும் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

டெலிவரி தேதி என்றால் நேரமும் சேர்த்துத்தான். வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்குப் பூஜை என்று ஐயரையும் சொந்தக்காரர்களையும் கூட்டியிருப்பார். உங்கள் டிரெய்லர் பத்தே முக்காலுக்கு வந்தால் ராகு காலம் பிறந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்த வண்டியில் பிற்பாடு ஹோஸ் வெடித்தாலும் அன்றைய நேரம்தான் காரணம் என்பார், அதைத் தாமதமாக்கியவர் நீங்கள். முந்தின நாள் இரவே வண்டியை இறக்கிவிடுங்கள்.

இப்போது பவானி ஓனர். அவர் எக்ஸ்கவேட்டர் போய்விட்டது, போகட்டும். வீட்டில் இரண்டு பேக்ஹோ இருக்கிறதே. இந்த வாரம் ஒரு நாள் காலையில், வண்டி சைட்டுக்குக் கிளம்பும் முன் போய் நில்லுங்கள். கோட்டேஷன் பேட் பைக்கிலேயே இருக்கட்டும். முதலில் அந்த மூன்று கேள்விக்குமான பதிலைச் சொல்லுங்கள். பிரேக்கர் லைன் பற்றியது அவர் வாங்கிய வண்டிக்கும் பொருந்தும். பிறகு அனுமதி கேட்டுவிட்டு பழைய பேக்ஹோவைப் பாருங்கள். பின்கை திரும்பும் கிங் போஸ்ட்டில், பக்கெட்டைக் கவிழ்க்கும் டிப்பிங் லீவரில், பக்கெட் பின்னில் எவ்வளவு ஆட்டம். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளுகிறதா. பூம் வெல்டிங்கில் விரிசல் உண்டா. முன் டயரில் தேயாமல் எவ்வளவு பட்டன் மிச்சம். எதை இப்போதே மாற்ற வேண்டும், எது இன்னும் 500 மணி நேரம் தாங்கும் என்று ஒரு தாளில் எழுதி, கீழே உங்கள் நம்பரைப் போட்டு ஆபரேட்டர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.